ஓட்டுப் போட முடியாத நமக்குக் கவுண்டி செய்திகள் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் விர்ஜீனியாவின் லவுடன் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) அண்மையில் குடிவந்தோம். ஹெச்-1பி விசா. கூட்டம், பட்ஜெட், நில விண்ணப்பம் என்று கவுண்டி ஏதாவது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ஓட்டுரிமையே இல்லாத நாம் இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது?

பதில்:

ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் தட்டச்ச ஆரம்பித்தேன். ஆனால் அந்த "என்ன ஆகப்போகிறது" சுருக்கென்று தைத்துவிட்டது. எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் இதே பேச்சை வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆஷ்பர்ன் அல்லது சவுத் ரைடிங் பக்கம் ஒரு டவுன்ஹவுஸில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கேதான். அப்படியானால் முதலில் ஒன்று: ஆஷ்பர்னுக்கு மேயர் கிடையாது. "நம்ம ஆஷ்பர்ன் மேயர் யாருங்க?" என்று குழுவில் யாராவது கேட்காத வருஷம் இல்லை. லீஸ்பர்க் போன்ற சில டவுன்களுக்குத் தனி கவுன்சில் உண்டு. ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், சவுத் ரைடிங் எல்லாம் தபால் முகவரிக்கு ஊர்கள், அவ்வளவுதான். நமக்கு உள்ளூர் ஆட்சி என்றால் கவுண்டிதான். எட்டுத் தொகுதிக்கு எட்டு சூப்பர்வைசர்கள் (மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிப் பிரதிநிதிகள்), கவுண்டி முழுவதற்கும் பொதுவாக ஒரு தலைவர், ஆக ஒன்பது பேர். 2020 கணக்கெடுப்பில் இங்கே ஜனத்தொகை 4,20,959. இத்தனை பேருடைய வீட்டு வரி, தீயணைப்பு நிலையம், நூலகம், பக்கத்துக் காலி மனையில் எழும்பப்போவது என்ன என்பது வரைக்கும் அந்த ஒன்பது பேரின் ஓட்டில்தான் இருக்கிறது.

வீட்டு வரியையே பாருங்கள். 2025-இல் 100 டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட் என்று வைத்தார்கள். முந்தைய வருஷம் 86.5. இந்த எண் வானத்திலிருந்து விழுவதில்லை. பிப்ரவரியில் கவுண்டி நிர்வாகி பட்ஜெட்டை முன்வைப்பார், அதன்மேல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும், ஏப்ரல் தொடக்கத்தில் ஓட்டெடுப்பு, ஜூலை 1-இல் புது நிதியாண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணமும் இதற்குள்தான் வருகிறது. பள்ளி வாரியத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலும் விர்ஜீனியாவில் அதற்கு வரி போடும் அதிகாரம் இல்லை. பணத்துக்கு சூப்பர்வைசர்களிடம்தான் வந்தாக வேண்டும். "ஸ்கூல் நல்ல ரேட்டிங்" என்று பார்த்துப் பார்த்து வீடு எடுக்கிறோம். அந்தப் பள்ளிக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் போவார்கள் என்ற எல்லையைப் பள்ளி வாரியம் மாற்றி வரையும்போது மட்டும் கடைசி ஆளாகத் தெரிந்துகொண்டு குழுவில் புலம்புவோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கோடை விடுமுறைக்கு அப்பா வந்திருந்தார். திருவாரூர்ப் பக்கம் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வரும் எல்லா அப்பாக்களையும் போலக் காலையில் குல்லா, ஷூவோடு நடக்கக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் திரும்பி வந்ததும் வராததுமாக, "தம்பி, முக்குல அந்த மரக்காடு இருக்குல்ல, அங்க என்னமோ நோட்டீஸ் நட்டு வச்சிருக்கானுவ. நெலத்த வகை மாத்துறாங்கபோல. பாத்தியா நீ?" என்றார்.

அந்த வழியாகத்தான் தினமும் காரில் போகிறேன். காரில் போகிறவன் கண்ணுக்கு அது வீடு விற்கும் பலகை மாதிரிதான் தெரியும். அப்பா நின்று, கண்ணாடி மாட்டி, விண்ணப்ப எண்ணைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்துவிட்டார். அந்த எண்ணைக் கவுண்டி தளத்தில் போட்டால் மொத்தக் கோப்பும் வந்து நிற்கிறது. குடியிருப்பு மனையைக் கடைகளுக்கான மனையாக மாற்றக் கேட்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க், கார் ஜன்னலிலேயே காபி வாங்கும் கடை, இன்னும் சில. வரைபடம், போக்குவரத்து ஆய்வு, கவுண்டி ஊழியர்களின் குறிப்பு எல்லாமே திறந்து கிடந்தன. அப்பா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "வடக்கு எந்தப் பக்கம்? நம்ம வீடு எது? பள்ளிக்கூட பஸ்ஸு எங்க நிக்குது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நில வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்றோ, மனுஷர் முகத்தில் அப்படி ஒரு களை.

பஸ் நிற்கும் இடம்தான் விஷயமே. எங்கள் தெரு நடைபாதை அந்த மரக்காட்டு ஓரத்தில் நின்றுபோய், கொஞ்ச தூரம் தள்ளித்தான் மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் சாலை ஓரமாகவே நடந்து போவார்கள். பங்க் வந்தால் கார்கள் உள்ளே திரும்புவதும் அதே இடத்தில். பங்கே வேண்டாம் என்று சண்டைக்குப் போக எனக்கு எண்ணமில்லை. பால் வாங்கப் பக்கத்தில் ஒரு கடை இருந்தால் எனக்கும் வசதிதான். நடைபாதையை இணைத்துத் தரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு, ப்ராஃபர் என்பார்கள். மனை வகையை மாற்றக் கேட்கிறவர், "மாற்றிக் கொடுத்தால் இன்னின்னது செய்து தருகிறேன்" என்று தானாக முன்வந்து எழுதிக் கொடுப்பது. அனுமதி கிடைத்துவிட்டால் அது அந்த நிலத்தையே கட்டுப்படுத்தும், நாளைக்கு வேறொருவர் வாங்கினாலும். அதனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் கேட்டால்தான் உண்டு. அதற்கப்புறம் கேட்டால், "நல்ல யோசனை" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

லீஸ்பர்க் ஹாரிசன் தெருவில் இருக்கும் அரசு மையத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கோரம் இருக்கா?" கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார். ஊரில் கிராம சபை கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியே பாதி ஆயுள் போனவர் அவர். முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்ததால் என் முறை வந்ததும் கூப்பிட்டார்கள். பெயரும் எந்தப் பகுதி என்பதும் சொல்ல வேண்டும். விசா என்ன, குடியுரிமை உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம், எதிரிலேயே நேரம் ஓடும். எழுதிக்கொண்டு போனதில் பாதியை வாசிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. ஆனாலும் அந்த இடைவெளியின் புகைப்படத்தைக் காட்டி, எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு சூப்பர்வைசர் விண்ணப்பதாரரின் வக்கீலைப் பார்த்து, "இது உங்கள் ப்ராஃபரில் இருக்கிறதா?" என்றார். "பரிசீலிக்கிறோம்" என்றார் வக்கீல். அன்றைக்கு முடிவெடுக்காமல் தள்ளி வைத்தார்கள். திருத்தி வந்த ப்ராஃபரில் நடைபாதை இருந்தது. இன்றைக்கு என் மகள் அதன்மேல்தான் நடந்து போகிறாள்.

"நீ ஒருத்தன் பேசித்தான் வந்ததா?" என்று கேட்க யாராவது வருவீர்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. கவுண்டி ஊழியர்களும் தங்கள் குறிப்பில் அந்த இடைவெளியைச் சுட்டியிருந்தார்கள். ஆனால் அது பல பக்கங்களுக்கு நடுவே ஒரு வரி. பிள்ளை நடக்கிற சாலை என்று ஒருவர் எழுந்து நின்று சொல்லும்போது அந்த வரிக்கு ஒரு கனம் வருகிறது. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்றால், ஆமாம், பெருமைதான்.

எரிச்சலான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் போகும். வாடகைக்கு இருப்பவருக்கு வராது, வீட்டுக்காரருக்குத்தான் போகும். எங்கள் விஷயத்தில் மரக்காட்டை ஒட்டிய நிலம் குடியிருப்புச் சங்கத்தின் பொது இடம் என்பதால் கடிதம் சங்கத்துக்கு வந்திருக்கிறது. சங்கத்தை நடத்துவது ஒரு தனியார் நிர்வாக நிறுவனம். மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்கும் அவர்கள், அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பவில்லை. அதே நிறுவனம், என் வீட்டுக் குப்பைத் தொட்டி சாயங்காலம் வரை வாசலில் நின்றதற்கு மறுநாளே புகைப்படத்தோடு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது! நவராத்திரிக்கு வாசலில் கட்டிய தோரணம் "அனுமதிக்கப்பட்ட அலங்காரப் பட்டியலில்" இல்லை என்று இன்னொரு கடிதம். அக்டோபர் முழுக்க எதிர்வீட்டில் ஒரு எலும்புக்கூடு கையாட்டிக்கொண்டு நிற்கிறது, அது மட்டும் பட்டியலில் உண்டாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம்மவர்களையும் விட மாட்டேன். பொங்கல் விழாவுக்கு உள்ளூர்ப் பிரதிநிதி யாரையாவது அழைத்து, பொன்னாடை போர்த்தி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம். அவர் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக் கிளம்பும் வரை ஒருவர்கூட அவரிடம் ஒரு தெருவிளக்கைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை: எல்லாவற்றுக்கும் இப்படி மேடை கிடைக்காது. இங்கே டேட்டா சென்டர்கள், அதாவது இணையச் சேவைகளுக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்கள், அதற்கு உதாரணம். பல இடங்களில் மனை வகையே அனுமதித்ததால், சூப்பர்வைசர்கள் முன் வராமலே கட்டிக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு இருந்தது. அறிவிப்புப் பலகையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒரு நாள் கிரேன் வந்து நிற்கும்போதுதான் தெரியும். 2025 மார்ச்சில் அந்த உரிமையை எடுத்துவிட்டு, சிறப்பு அனுமதியும் பொதுக் கருத்துக் கேட்பும் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். நான் டேட்டா சென்டர்களுக்கு எதிரி என்று கிளப்பிவிடாதீர்கள். என் சம்பளம் கிளவுடிலிருந்துதான் வருகிறது, மேலே சொன்ன வீட்டு வரி விகிதம் குறைந்ததிலும் அவை கட்டும் வரிக்குப் பெரும் பங்கு உண்டு. கேட்க ஒரு இடம் இருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

எதை யாரிடம் கேட்பது என்பதிலும் நம்மவர்கள் குழம்புவார்கள். விர்ஜீனியாவில் பெரும்பாலான சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறையுடையவை. பனி தள்ளவில்லை, குழி விழுந்திருக்கிறது என்றால் அங்கே புகார் செய்யுங்கள். டவுன்ஹவுஸ் சந்துகள் பல, சங்கத்தின் தனியார் சாலைகள். உயர் மின்கோபுரப் பாதையை முடிவு செய்வது ரிச்மண்டில் இருக்கும் மாநில கார்ப்பரேஷன் கமிஷன். சூப்பர்வைசரைத் திட்டிப் பயனில்லை.

"விசாவில் இருக்கும்போது ஏன் வம்பு?" என்று உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். என் மனைவியும் கேட்டாள். இந்தக் காலத்தில் அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நான் வக்கீலும் இல்லை. கூட்டத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் உங்கள் தொகுதி சூப்பர்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கிரீன் கார்டு வரும் வரை எந்த வேட்பாளருக்கும் தேர்தல் நன்கொடை கொடுக்கக்கூடாது, உள்ளூர்த் தேர்தல் ஆனாலும் சரி. அது சட்டப்படி தடை.

எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு, கவுண்டி எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் அலர்ட் லவுடனில் கைபேசி எண்ணைப் பதிந்துவிடுங்கள். உங்கள் சூப்பர்வைசரின் செய்திமடலுக்கும் பெயர் கொடுங்கள். லவுடன் டைம்ஸ்-மிரர், லவுடன் நவ் என்ற உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டில் ஒன்றை வாரம் ஒருமுறை புரட்டினாலே போதும். வாரயிறுதியில் ஒரு நாள் காரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் நடந்து போய், நட்டு வைத்திருக்கும் பலகைகளைப் படித்துப் பாருங்கள்.

புதிதாக வந்தவர் என்பதால் கடைசியாக ஒன்று. காரைக் கவுண்டியின் வருவாய் ஆணையர் அலுவலகத்தில் பதிந்துவிட்டீர்களா? மாநில மோட்டார் வாகனத் துறையில் செய்த பதிவோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இங்கே காருக்கும் வருஷா வருஷம் சொத்து வரி உண்டு, தவணைத் தேதி மே 5-உம் அக்டோபர் 5-உம். பில் பழைய முகவரிக்குப் போய்விட்டது என்று சொன்னால் அபராதத்தைக் குறைக்க மாட்டார்கள்.