சட்டியில் இருந்தால்தானே

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறேன், கணக்காளராக வேலை பார்க்கிறேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த என் தாத்தாவைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கினேன். பிரிட்டிஷார் வெளியேறப் போகிறார்கள் என்ற செய்தி வரும் இடத்தில் ஐந்து மாதமாக நிற்கிறது. மூளை மழுங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கைப்பேசியில் மூளைப்பயிற்சி விளையாட்டு ஆடுகிறேன், வல்லாரை மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் படித்தது மறுநாளே மறந்துபோகிறது. தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் மகனும் இதையே சொல்கிறான். மூளையைக் கூர்மையாக்கவும் புதிதாகச் சிந்திக்கவும் எளிய வழிகள் உண்டா?

ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த விளையாட்டை நிறுத்திவிடுங்கள். ஆட ஆட அந்த விளையாட்டில்தான் தேர்ச்சி வரும். அது கணக்கேட்டுக்கோ கதைக்கோ பெரிதாக வந்து சேர்வதில்லை. லுமோசிட்டி என்ற பிரபலமான மூளைப்பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற புகாரைத் தீர்த்துக்கொள்ள 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. கதையை நகர்த்தும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மறதி அண்மையில்தான் தொடங்கியது, அலுவலக வேலையையும் பாதிக்கிறது என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 வைட்டமின் குறைவும் நினைவை மங்கச் செய்யும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

இனி கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வறுத்த கடலை விற்கும் ஒரு கச்சாங் பூத்தே வியாபாரியைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். அது அவருக்கு எப்படித் தெரியவருகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அண்டை வீட்டார் சொல்வதாக எழுதினேன், ஆசிரியர் வந்து சொல்வதாக எழுதினேன், இரண்டும் பொய்யாக ஒலித்தன. மூன்று வாரம் தேக்காவில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். தலையில் தட்டைச் சுமந்தது, கடலையை வறுத்தது, பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டியது என்று நோட்டுப்புத்தகம் நிறைந்தது. கதை நகரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மேசையிலேயே விட்டுவிட்டு, பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து ரயில் ஓடிய தடத்தில் நடந்தேன். 2011இல் ரயில் நின்றுபோன பாதை அது. பாதி வழியில் வந்தது: ஒரு சிறுவனுக்காக அவர் சுருட்டும் தாளில் மகளுடைய கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேல் யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடந்ததால் வந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். கூம்பும் பழைய தாளும் அந்த மூன்று வாரத்தில் எனக்குள் சேர்ந்தவை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்காரே 1908இல் ஆற்றிய உரையொன்றில் தன் அனுபவத்தைச் சொன்னார். பதினைந்து நாள் ஒரு கணக்கோடு போராடி ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார். பிறகு ஊர்விட்டு ஊர் பயணம் போனார், கணக்கை மறந்தே போனார். குத்தான்ஸ் என்ற ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் அடுத்த திறப்பு கிடைத்தது. அந்தப் படியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது முன்னால் கிடந்த பதினைந்து நாள்.

நீங்கள் ஐந்து மாதமாகச் சிந்தனையைப் பிழிந்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் கடற்படைத் தளத்தைப் பற்றி இந்த ஐந்து மாதத்தில் புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

நடைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளிவந்த ஆய்வில், ஒரு சாதாரணப் பொருளுக்கு எத்தனை புதுப் பயன்கள் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது பெரும்பாலோர் அதிகமாகச் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை, மதிப்பெண் சற்றுக் குறைந்தது. எனவே கணக்கை உட்கார்ந்தே சரிபாருங்கள். கதைக்காக நடங்கள், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல்.

படித்தது மறப்பதற்கு வருவோம். மறுபடி மறுபடி படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் மகனும் அப்படித்தான் படிப்பான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்பப் படித்தார்கள், மறு சாரார் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடம்தான். நன்னூலில் பவணந்தி முனிவர் கற்கும் முறைகளுள் ‘கேட்டவை நினைத்தல்’ என்பதைத் தனியே எடுத்துச் சொல்கிறார். வினாவுவதையும் வினாவுக்கு விடை சொல்வதையும் கூடச் சேர்க்கிறார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மகன் உங்களுக்குப் பாடம் சொல்லட்டும், நீங்கள் இடையிடையே கேள்வி கேளுங்கள். தடுமாறுவான். தடுமாறித் தேடி எடுப்பதுதான் மனத்தில் நிற்கும்.

அவன் தூக்கத்தையும் பாருங்கள். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. துணைப்பாடம் முடித்துப் பத்து மணிக்குப் படுத்து, பள்ளிக்காக ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை மணி நேரம்தான். பகலில் கற்றது நினைவில் படிவதற்கு அந்தத் தூக்கம் தேவை. ஒரு வகுப்பைக் குறைத்தாலும் பரவாயில்லை என்றே சொல்வேன். தேர்வு ஆண்டில் இதைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

தாத்தாவிடம் திரும்புங்கள். 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டிஷ் அரசு அறிவித்தது 1968 ஜனவரியில். தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் அந்த மாதத்து நாளிதழ்களை எடுத்துப் படியுங்கள். செய்தியை மட்டும் பார்க்காதீர்கள், அரிசி விலையையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பாருங்கள். தளத்தில் வேலை பார்த்த குடும்பங்களில் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் போய்க் கேளுங்கள். அந்தச் செய்தியை உங்கள் தாத்தா யார் வாயால், எந்த மொழியில், கையில் எந்தக் கருவியோடு நின்றபோது கேட்டார்? இரண்டு மூன்று வாரம் இதையே தேடுங்கள். பிறகு ஒரு விடிகாலையில் செம்பவாங் பூங்காவுக்குப் போய், எதிர்க்கரையில் ஜோகூர் தெரியும் அந்தக் கடலோரம் நடங்கள். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. நின்றுபோன பக்கத்துக்கு அடுத்த பக்கம் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.