எடை குறைந்தும் எழுந்திருக்க முடியவில்லையே!

கேள்வி: என் வயது 67, உயரம் 152 செ.மீ. மூட்டு வலிக்காக எடையைக் குறைக்கச் சொன்னதால், இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பகலில் கேழ்வரகுக் களியும் கீரையும் மட்டும் சாப்பிட்டு, 82 கிலோவிலிருந்து 77 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்தால், யாராவது கை கொடுத்தால்தான் எழ முடிகிறது. கோட்டை மைதானத்தில் தினமும் நடந்தால் சரியாகிவிடும் என்கிறாள் மகள். போதுமா?
‍- ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: போதாது, அம்மா. பட்டினியில் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. உங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டியதோ தொடைத் தசைதான். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 107 பேரிடம் ஓராண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு உடல் இயக்கத் திறன் 12 சதவீதமும், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 15 சதவீதமும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதமும் கூடியது. உணவைக் குறைத்த இரு பிரிவினருக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறங்கியது. ஆனால் பயிற்சியும் செய்தவர்களுக்குத் தசை இழப்பு குறைவு.

நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. விடவேண்டாம், ஆனால் நம்மூர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதோடு காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிவிடும். உயரம் போதாவிட்டால் ஒரு கெட்டியான தலையணையை வைத்து உட்கார்ந்து, பாதங்களை நன்றாக ஊன்றி எழுந்து, மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்காருங்கள். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து வரை, வாரத்தில் மூன்று நாள் போதும். பழகியபின் தலையணையை எடுத்துவிடலாம். மூட்டில் குத்துவலி வந்தால் அன்று நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

களி சாப்பிட்டால் இளைக்கும் என்பது நம் பக்கத்துப் பழைய நம்பிக்கை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பது உண்மைதான்; ஆனால் மாவுச்சத்தில் அது அரிசிக்கு அதிகம் பின்தங்கியதல்ல, புரதமோ 100 கிராமில் ஏழு கிராம் அளவே. ஆகவே களி உருண்டையைப் பாதியாக்கி, கெட்டிப் பருப்பு, சுண்டல், மோர், முட்டை ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா? அப்படியானால் இரவுப் பட்டினியை இன்றே நிறுத்துங்கள். தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.

தினமும் எடை மெஷினில் ஏறுவதைவிட, மாதம் ஒருமுறை கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் மகள் நிற்கட்டும். உங்கள் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே என்றால் குறைவு.