சிங்கப்பூரில் டிராஃப்ட்ஸ்மேனாக இருப்பவர் இனிமேல் ஆட்டோலிஸ்ப் கற்றுக்கொள்வதில் பயன் உண்டா?

ஆட்டோலிஸ்ப் (சுருக்கமாக லிஸ்ப்) என்பது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் புரோகிராம் மொழி. கூட வேலை பார்ப்பவர்கள் "லிஸ்ப் எல்லாம் செத்துப்போச்சு, ரெவிட் படி" என்று சொல்வதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எம் அண்ட் இ (கட்டடத்தின் மின்சாரம், குழாய், ஏசி வேலை) கான்ட்ராக்டரிடம் ஷாப் டிராயிங் (சைட்டில் வேலை செய்வதற்கான விவரப்படம்) போடுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். என் வேலையும் அதுதான். அதனால் உறுதியாகவே சொல்கிறேன்: கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டடத்தை முப்பரிமாண மாடலாகப் போடும் ரெவிட் மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டட அனுமதிக்கான அரசாங்க இணையத்தளமான கோரெநெட் எக்ஸ் வந்த பிறகு அரசாங்கத்துக்கு மாடலாகக் கொடுக்கும் காலம் இது. லிஸ்ப் ரெவிட்டுக்குள் ஓடாது, அங்கே டைனமோ, பைத்தான் என்ற வேறு புரோகிராம் கருவிகள் வேண்டும். ஆனால் நான் பார்த்த சைட்டுகளில் ஃபோர்மேன் கையில் இருப்பது இன்னமும் டிடபிள்யூஜி என்ற ஆட்டோகேட் ஃபைலிலிருந்து பிரின்ட் எடுத்த தாள்தான்.

ஒரு கட்டடத்தின் ஸ்ப்ரிங்க்ளர் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) டிராயிங் எங்கள் குழுவிடம் இருந்தது. தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு ஹெட்டும் ஒரு பிளாக் (திரும்பத் திரும்பப் போடும் சின்னம்), அதன் எண் உள்ளே ஒரு அட்ரிபியூட் (சின்னத்தோடு சேர்ந்த எழுத்து). எல்லா மாடிக்கும் எண் போட்டு முடித்த பிறகு கன்சல்டன்டிடமிருந்து கமென்ட் வந்தது: மாடியும் ஸோனும் எண்ணுக்கு முன்னால் வர வேண்டும், வரிசை இடமிருந்து வலமாகப் போக வேண்டும். மறுநாள் காலை சப்மிஷன். "ஆளுக்கு ரெண்டு மாடி பிரிச்சுக்குங்க, ராத்திரி உட்கார்ந்து முடிச்சிடுங்க" என்றார் மேனேஜர்.

நான் லிஸ்ப் எழுத உட்கார்ந்தேன். எஸ்எஸ்கெட் என்ற லிஸ்ப் கட்டளை கொண்டு பிளாக்குகளைப் பிடித்து, என்ட்நெக்ஸ்ட் மூலம் ஒவ்வொன்றின் அட்ரிபியூட்டுக்குள் இறங்கி, குறியீடு 1-இல் இருக்கும் எழுத்தை சப்ஸ்ட் மூலம் மாற்றி, என்ட்மாட் கொடுத்துப் பதிந்தால் எண் மாறிவிடும். இது சுலபமான பகுதி. வரிசைதான் கஷ்டம். ஒரே வரிசையாகத் தெரியும் ஹெட்டுகளின் ஒய் மதிப்பு சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். அதை அப்படியே வரிசைப்படுத்தினால் எண் அங்கும் இங்கும் குதிக்கும். அதனால் 300 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் ஒரே வரிசை என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் எக்ஸ் மதிப்பைப் பார்க்கச் செய்தேன். இன்னொன்றும் உண்டு. டைனமிக் பிளாக்கை (வடிவம் மாற்றக்கூடிய பிளாக்) நீட்டியோ திருப்பியோ வைத்திருந்தால் ஆட்டோகேட் அதற்கு நட்சத்திரமும் யு எழுத்தும் சேர்ந்த வேறொரு பெயரை வைத்துவிடும். பிளாக்கின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் அவை விட்டுப்போகும். அதற்காக எஃபெக்டிவ் நேம் (பிளாக்கின் அசல் பெயர்) பார்க்கும் வரியையும் சேர்த்தேன். கடைசி எம்ஆர்டி ரயில் போவதற்கு முன்பே எல்லா மாடியும் முடிந்து, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் புரோகிராமை வேறொரு எஞ்சினியர் தன் யோசனை என்று காட்டினார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ படித்தவன் என்றால் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, கைதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளை படம் வரையறாராம்" என்றார் ஒரு பெரியவர். பைப் எந்த பீமுக்குக் கீழே போகும், டக்ட்டோடு எங்கே இடிக்கும் என்று எங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது. அதற்கு விசிட்டிங் கார்டில் ஒரு மரியாதையான பதவிப் பெயர் கூடக் கிடையாது.

"1986-இல் வந்த மொழி" என்பார்கள். ஆமாம், அந்த வருடம் ஆட்டோகேட் 2.18-ஓடு வந்தது, டேவிட் பெட்ஸ் எழுதிய எக்ஸ்லிஸ்ப்பிலிருந்து உருவானது. பழையது என்பதால் கெட்டுப்போய்விடவில்லை. இத்தனை வருடம் ஆட்டோகேட்டின் சிறிய பதிப்பான எல்டியில் இல்லாமல் இருந்ததை, எல்டி 2024-இல் ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க்கே சேர்த்தது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் மாதிரி விலை குறைந்த மென்பொருள்களிலும் பெரும்பாலான லிஸ்ப் ஓடும். கம்பெனி மென்பொருளை மாற்றினாலும் உங்கள் உழைப்பு வீணாகாது. ஆனால் விஎல்ஏ என்று தொடங்கும் கட்டளைகள் மேக்கில் வேலை செய்யாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தொடங்கும்போது பெரிதாக எதுவும் வேண்டாம். தினமும் எரிச்சலூட்டும் ஒரு வேலையை எடுங்கள், உதாரணமாகத் தப்பான லேயரில் (படத்தின் அடுக்கு) கிடக்கும் டெக்ஸ்டை எல்லாம் சரியான லேயருக்குக் கொண்டுபோவது. குறியீடு 8 தான் லேயர். கமாண்ட் ஃபங்ஷனில் புள்ளி கொடுப்பதற்கு முன், புள்ளியை மூலைகளில் ஒட்டவைக்கும் ஓஸ்மோட் அமைப்பைப் பூஜ்யமாக்குங்கள், முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் கோடு பக்கத்தில் இருக்கும் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். லிஸ்ப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்றுதான் காட்டும், 2.0 என்று எழுதினால் 3.5 வரும். அப்புறம், ஃபைலின் முதல் வரியில் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிட்டே அலுவலக சர்வரில் வையுங்கள்.