காலையில் பைக்கை ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது, லீக்கா?

பயப்படாதீர்கள். பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். குழாய் சூடாக இருந்தால் ஆவியாகப் போய்விடும், குளிர்ந்திருந்தால் உள்ளேயே படிந்து சொட்டும். பல வண்டிகளில் சைலன்சருக்கு அடியில் சின்ன ஓட்டை இருப்பதே இது வடியத்தான். துரு தின்ற ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள்! தெருமுனைக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டியில் குழாய் முழுசாகச் சூடேறாது. தங்கும் ஈரம் உள்ளிருந்தே அரிக்கும். அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டுங்கள்.

நிஜமான லீக் பெரும்பாலும் எஞ்சின் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) பெண்ட் பைப் (புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில்தான். அங்கே கரி படிந்து, ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடித்தால், அந்த இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் வளையமான கேஸ்கெட்டைப் பாருங்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ள வண்டியில், சூடான பிறகும் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.