அறிவுசார் குறைபாடு உள்ள தம்பிக்கு 18 வயது ஆகப்போகிறது. நான் பாதுகாவலர் ஆணை வாங்கிவிடுவது நல்லதா?

அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நாளைக்கு யார் பார்ப்பது என்ற பயத்தில்தான் கேட்கிறீர்கள். தம்பிக்குப் பதிலாக முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தரும் அந்த ஆணையை நானும் அதே பயத்தில்தான் வாங்கினேன்.

என் தம்பிக்கு இப்போது 31. டவுன் சின்ட்ரோம். ஒரு பட்டறையில் பொட்டலம் கட்டுகிறான், சம்பளம் அவன் கணக்கில் விழும். ஒருநாள் பணம் எடுக்கப் போனோம். கவுன்டரில் இருந்தவர் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்களே போட்டுடுங்க மேடம்" என்று சீட்டை என் பக்கம் தள்ளினார். போட்டுவிட்டேன். அவன் அதற்கென்றே நோட்டு நோட்டாகக் கையெழுத்துப் பழகியிருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. வெளியே வந்ததும், "அது என் பேரு" என்றான். அப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன். 2006-ல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, சட்டத் தகுதி, அதாவது தன் முடிவைச் சட்டப்படி தானே எடுக்கும் உரிமை, எல்லோருக்கும் சமம் என்கிறது. சொத்து வைத்துக்கொள்வது, தன் பணத்தைத் தானே கையாள்வது, எல்லாம் அதில் அடக்கம். சிரமம் இருந்தால் துணை தர வேண்டும். விளக்கிச் சொல்லத்தான் துணை, அவருக்குப் பதிலாக முடிவெடுக்க அல்ல. 2014-ல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐநா குழு தந்த விளக்கம்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது: ஒருவரின் விருப்பம் என்னவென்று எவ்வளவு முயன்றும் தெரியாவிட்டால்கூட, அவருக்கு எது நல்லது என்று பார்க்கக் கூடாதாம், அவர் எதை விரும்பியிருப்பார் என்றுதான் பார்க்க வேண்டுமாம். பெரு 2018-லும் ஸ்பெயின் 2021-லும் இதையொட்டித் தங்கள் சட்டத்தையே திருத்தின.

சரி, யாராவது ஏமாற்றிவிட்டால் என்று கீழே கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். ஏமாறாமல் இருக்கப் பாதுகாப்பு வேண்டும் என்று அதே பிரிவே சொல்கிறது. எந்தக் குறைபாடும் இல்லாத என் அண்ணன், நண்பர் பேச்சை நம்பி வீட்டை அடமானம் வைத்துத் தொலைத்தார். முடிவெடுக்கத் தகுதி உண்டா என்று அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. என் சேமிப்பும் அதோடு போனது, இன்றுவரை அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தம்பி விஷயத்தில் மட்டும் போன் போட்டு புத்தி சொல்வார்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆணையை ரத்துசெய்ய, வாங்கியதைவிட இரண்டு மடங்கு அலைந்தேன். உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

போன மாதம் என் தம்பி பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கினான். வேண்டாம் என்றேன். பொறுமையாகக் கேட்டான், வாங்கிவிட்டான். இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் அலறிக்கொண்டிருக்கிறது.