24 அங்குலத் தறியில் பிள்ளைப் போர்வை

வணக்கம். அக்காவுக்குத் தை மாதம் பிள்ளை கிடைக்கும். போர்வை நெய்து குடுக்க ஆசைப்பட்டு 24 அங்குல மேசைத்தறி ஒன்று வாங்கினேன். நெடுக்கு இழைகளைப் பிரித்து நிறுத்தி, குறுக்கு நூலை அடித்து நெருக்கும் சீப்பான அச்சு அங்குலத்துக்கு 10 இழை. கொஞ்சம் நெய்வதற்குள் துணி 21 அங்குலமாக ஒடுங்கி, ஓர இழைகள் அறுந்துவிட்டன. நூல் புறக்கோட்டையில் வாங்கியது, கோனில் பெயரே இல்லை. அதுதான் பிழையா? எவ்வளவு நூல் வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

நூலைக் குறை சொல்ல முதல் கையைப் பாருங்கள். ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நேராக இழுத்து அடித்திருக்கிறீர்கள். பாவுக்கு, அதாவது நெடுக்கு நூலுக்கு, மேலும் கீழுமாக வளைந்து போகும் இழைக்குத் தறியின் அகலத்தைவிடக் கூடுதல் நீளம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரையை உள்ளே இழுக்கும். சாய்ந்த ஓர இழைகள் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அச்சில் உராய்ந்து தேய்ந்து அறும். ஊடையை 30 பாகை அளவில் சாய்வாகப் போட்டுவிட்டு அடியுங்கள். ஓர் அங்குலம் ஒடுங்குவது வழமை. அதைத் தாண்டினால் நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

பெயரில்லாத கோனில் ஒரு துண்டைக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணமும் மெல்லிய சாம்பலும் என்றால் பெரும்பாலும் பருத்தி; உருகி மணிபோல் இறுகினால் செயற்கை இழை, கொழும்பு வெக்கைக்கு அது வேண்டாம். பிறகு அடிமட்டத்தில் நெருக்காமல் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். அங்குலத்துக்கு 20 சுற்று வந்தால் உங்கள் அச்சுக்குப் பொருந்தும்: ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போகும் சாதா நெசவுக்கு அதில் பாதிதான் பாவு.

24 அங்குலத் தறியில் நெய்தது துவைத்தபின் 20 அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே ஒரே பாவில் இரண்டு துண்டு நெய்து, பக்கம் பக்கமாகத் தைத்துச் சேருங்கள்; ஒவ்வொன்றும் 46 அங்குலம். தறியில் வீணாகும் 24 அங்குலத்தையும் இடைவெளியையும் சேர்த்துப் பாவு 3.1 மீற்றர்; 240 இழைக்கு 744 மீற்றர். அங்குலத்துக்கு 9 ஊடை வைத்தால் அதற்கு 555. மொத்தம் 1300 மீற்றர். 8/4 பருத்தியில் (8ஆம் இலக்க நூல் நான்கு சேர்த்து முறுக்கியது) 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 500 கிராம் ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள், இடையில் முடிந்தால் அதே நிறம் கிடைப்பது சந்தேகம்.

இரண்டு துண்டும் பொருந்துவதுதான் கஷ்டமான பகுதி. பாவைத் தளர்த்திவிட்டு அளந்து பாருங்கள். இறுக்கத்தில் அளந்தால் நீளம் பொய் சொல்லும். குறுக்குக் கோடு போடாதீர்கள், தையலில் ஒரு நூல் தவறினாலும் தெரியும். நெடுக்குக் கோடு எவ்வளவும் போடலாம்.

குஞ்சம் விடாதீர்கள், பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். விளிம்பை மடித்துத் தைத்து, துவைத்துக் காயவைத்த பிறகே துண்டுகளைப் பொருத்துங்கள். அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ஒரு வயது வரை பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை கூடாது. மடியில் வைத்திருக்கும்போது போர்த்தலாம், விழித்திருக்கையில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு தரையிலும் விரிக்கலாம்.