வாசகர் கேள்விகள்: பாட்டெழுதத் தொடங்குவோருக்கு

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் பாடல் எழுதி வருகிறேன். படிப்பவர்கள் எல்லோரும், நான் விரும்பிக் கேட்கும் ஒரு கவிஞரின் சாயல் இருப்பதாகவே சொல்கிறார்கள். எனக்கென்று ஒரு நடை எப்போது வரும்? இசை தெரியாமல் பாட்டெழுத முடியுமா?

பதில்: சாயல் இருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம், ஒரே ஒருவரின் சாயல் இருப்பதுதான் குறை. ஐந்தாறு பேரை ஊன்றிக் கேட்டு, அவரவர் பல்லவியை எப்படித் தொடங்குகிறார்கள், சரணத்தின் கடைசி அடியிலிருந்து பல்லவிக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்று கவனித்து வந்தால், அந்த ஒருவரின் பிடி தளர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்றதன் விடையும் அதற்குள்தான் இருக்கிறது. ராகம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு மெட்டைக் கேட்டதும் அதைத் தத்தகாரமாகச் சொல்லத் தெரிய வேண்டும். மெட்டு ‘தான தான தானனா’ என்று வருகிறது; நீங்கள் ‘காலை நேர வாசலில்’ என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் குறை தெரியாது. ‘காலை’யின் ஈற்று ஐகாரம்கூடக் குறுகி 1 மாத்திரையாகவே ஒலிப்பதால் இடிக்கவில்லை. ஆனால் மெட்டு கடைசி ‘னா’வில் நின்று நீள்கிறது, பாடுபவர் வேறு வழியின்றி ‘வாசலீல்’ என்று இழுப்பார். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது இங்கேதான் உதவிக்கு வருகிறது. ‘வாசலே’ என்று மாற்றிப் பாருங்கள். ஓசை சரியாகிவிடும், கூடவே, வெறும் இடமாக இருந்த வாசல் நீங்கள் பேசுகிற ஆளாகவும் மாறிவிடும். அதனிடம் எதைக் கேட்பீர்கள் என்பதுதான் அடுத்த வரி. அந்த இடத்தில் நீங்கள் கேட்பதை இன்னொருவர் கேட்கமாட்டார். உங்கள் நடை அங்கேதான் தலைகாட்டத் தொடங்கும்.

எனவே ஒரே மெட்டுக்கு மூன்று பல்லவிகள் எழுதிப் பழகுங்கள். முதலாவதில் நிலாவும் தென்றலும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாவதில் உங்கள் அபிமானக் கவிஞர் இருப்பார். கையிருப்பு தீர்ந்த பிறகு எழுதுகிற மூன்றாவதில்தான் நீங்கள் அன்றாடம் பேசும் சொற்கள் வரத் தொடங்கும். அடித்த வரிகளைக் கிழித்துப் போடாமல் தேதியிட்டு வைத்திருங்கள். ஓராண்டு கழித்துப் புரட்டினால், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சேர்த்தீர்கள், எதை ஒவ்வொரு முறையும் அடித்தீர்கள் என்பது தெரியும்.

கேள்வி: எதுகை, மோனை இல்லாமல் பாட்டெழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் கைவராத காரணத்தால் விட்டுவிடக் கூடாது. ‘மலர்’ என்று எழுதியவுடன் ‘புலர்’ என்று கை தானாகப் போகிறதே, அந்த எதுகையைத்தான் நான் சந்தேகிப்பேன். அடுத்த அடியில் சொல்ல வேண்டியதை முதலில் உரைநடையில் எழுதிவிட்டு, அதற்குள்ளேயே ஒத்துவரும் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த அடிக்கு மோனை போதும்.